இரண்டு பக்கமும் சிங்கம்

விருதுநகர்
12-10-1961

சிரஞ்சீவி ஜெயச்சந்திரனுக்கு அம்மா பொன்னுத்தங்கம் எழுதிக்கொள்வது. பம்பாயில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இந்த மாதமும் அதை நிறுத்தவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதற்குக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள். போன மாதம் அப்பாவுக்கு இழுப்பு மறுபடியும் வந்தது, இப்போது பத்து நாளாக மண்டிக்குப் போகவில்லை, கணக்குப்பிள்ளைதான் பார்க்கிறார். மழை இல்லாததால் வத்தல் வரத்தும் குறைவு, வருகிற வத்தலும் வெளுத்துப்போய் வருகிறது. தீபாவளி சீசன் என்பதால் சிவகாசியில் உன் தங்கை சுப்புத்தாய் வீட்டு அச்சாபீஸில் மிஷின் நிற்காமல் ஓடுகிறதாம், மாப்பிள்ளை காளிராஜுக்கு காலண்டர் ஆர்டரும் சேர்ந்து வந்திருக்கிறது. சுப்புத்தாயின் பிள்ளை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். உன்னைப் போலவே காது. அவனைப் பார்க்கும்போது உன் நினைவு வருகிறது, முன்பெல்லாம் அந்த நினைவு வந்தால் சந்தோஷமாக இருக்கும்.

எப்போதும் அப்பா எழுதுவார், அடியில் நான் இரண்டு வரி சேர்ப்பேன். இந்தத் தடவை நான் மட்டும் எழுதுகிறேன். ‘அவனுக்கு எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்ல, நீ வேணும்னா எழுதிக்கோ’ என்று சொல்லிவிட்டு உன் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அந்த எட்டணாக் காசைப் பற்றி அவர் ஒரு கார்டில் உன்னைக் கேட்டிருந்தார் அல்லவா, அதற்கு நீ எழுதிய பதில் வந்து இரண்டு வாரமாகிறது. அதை அவர் ஒருமுறைதான் படித்தார். நான் பலமுறை படித்துவிட்டேன். என் மகன் கையெழுத்துத்தானா என்று பார்ப்பதற்காகவும் படித்தேன். உன் கையெழுத்துத்தான், அந்த ‘ழ’வுக்கு வால் நீட்டி எழுதுவது இன்னும் மாறவில்லை. நீ எழுதியதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், அந்தக் காசு உன்னிடம் வந்து சேர்வதற்கு முன்பு இங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். சுப்புத்தாய் உனக்கு அதை விவரமாக எழுதவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு ‘நம் அச்சாபீஸில் வேலை செய்கிற ஒரு பெண் கொண்டுவந்தாள், பணம் அவளுக்குச் சேர வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அந்தப் பெண் யார் என்று நீயும் கேட்கவில்லை.

அந்தப் பெண் பேர் மாரித்தாய். ஊர் எம். புதுப்பட்டி. தீப்பெட்டி லேபிள்களை எண்ணிக் கட்டுப் போடுகிற வேலைக்கு வருகிறாள். அவள் புருஷன் ஒச்சப்பன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவன். போன தீபாவளிக்கு முன்னால் வெயிலில் காயப்போட்டிருந்த சரக்கு பற்றிக்கொண்டதில் அவன் இரண்டு கையும் வெந்துபோயின. உயிர் தப்பியது, ஆனால் புண் ஆற ஆறத் தோல் சுருங்கி விரல்கள் எல்லாம் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டன. கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிட்டார்கள். அதன்பிறகு வீட்டுக்குள் வருகிற ஒரே சம்பளம் மாரித்தாயுடையது. பங்குனிப் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை அவளுக்குச் சம்பளம் போட்டதில் ஒரு புது எட்டணா, இப்போது ஐம்பது நயா பைசா என்கிறார்களே அது, போயிருக்கிறது. மறுநாள் காலையில் ஊர்க் கடையில் அரிசி வாங்கிவிட்டு அதைக் கொடுத்திருக்கிறாள். கடைக்காரர் வாங்கிப் பெட்டியில் போடப் போனவர் விரலில் ஏதோ தட்டுப்பட்டுத் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் சிங்கம். இந்தப் பக்கமும் சிங்கம், ஆனால் பள்ளமாக, முகம் மாறிக் குழிந்து கிடந்தது. எவ்வளவு என்கிற எண்ணும் இல்லை, வருஷமும் இல்லை. ‘இது எங்கன அடிச்ச காசு புள்ள? எம்புட்டுன்னுகூட எழுதத் தெரியாம அடிச்சிருக்கான்’ என்று அவர் கத்த, கூட்டம் கூடிவிட்டது. நயா பைசா வந்த நாளிலிருந்தே ஜனங்களுக்குக் கள்ளக்காசு பயம் போகவில்லை. யாரோ போய்ச் சொல்ல, ஏட்டு வந்து அவளைச் சிவகாசி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்த் தரையில் உட்கார வைத்துவிட்டார். ‘மொதலாளி குடுத்த சம்பளம் ஐயா’ என்று அவள் எத்தனை தரம் சொல்லியும் ஒருவரும் காதில் போடவில்லை. வாங்கின அரிசியைக் கடைக்காரர் திரும்பக் கொட்டிக்கொண்டார்.

அதன்பிறகு ஏட்டு உன் தங்கை வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அச்சாபீஸ் பூட்டியிருந்தது, மாப்பிள்ளை பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கை கழுவிவிட்டு வந்து அந்தக் காசைப் பார்த்ததும் முகம் செத்துப்போய்விட்டதாம். கள்ளக்காசு வழக்கு என்றால் சும்மாவா, அச்சுத் தொழில் செய்கிறவன் வீட்டில் அது ஏறினால் என்ன ஆகும் என்று பயந்துவிட்டார். ‘பேங்க்குல இருந்து நேரா வர்ற பை ஏட்டையா, இந்த மாதிரிக் காசு எங்கிட்ட எப்படி வரும்? அந்தப் புள்ள வெளிய எங்கயாச்சும் வாங்கியிருக்கும், எம் பேரைச் சொல்லுது’ என்று சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற சுப்புத்தாய்க்கு அது காதில் விழுந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். ‘நாந்தான் ஏட்டையா எண்ணிக் குடுத்தேன். பள்ளமா எதுவோ வெரல்ல தட்டுச்சு, அவசரத்துல நான் திருப்பிப் பாக்கல. அது எங்க பையில வந்த காசுதான். அந்தப் பொம்பளைய விட்டுருங்க’ என்றாள். அப்படியானால் நீங்களும் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் ஏட்டு. நம் வீட்டுப் பெண், பத்து பேர் முன்னால் நின்று பேசியே பழகாதவள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிவகாசிக் கடைத்தெரு வழியாக ஸ்டேஷனுக்கு நடந்து போனாள். எழுதிக் கொடுத்து மாரித்தாயை மீட்டுக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வெகுநாள் அவளோடு பேசவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது, இவளுக்கு எதற்கு இந்த வேலை என்று. உன் அப்பாதான் ‘எம் பிள்ளை சரியாத்தாம்ல செஞ்சிருக்கு’ என்று சொல்லி என் வாயை அடைத்தார்.

பேங்க் திறந்ததும் அங்கே கேஷில் இருப்பவர் அந்தக் காசை நிறுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, இது கள்ளக்காசு இல்லை, சர்க்கார் காசேதான், அடிக்கிற இடத்தில் பிசகிப்போய்விட்டது என்று சொல்லிவிட்டார். போலீஸார் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாரித்தாய் அதைத் தொடவே மாட்டேன் என்றாள். ‘அத எங் கண்ணுல காட்டாதீகம்மா, வேற எட்டணா குடுத்திருங்க’ என்றாள். சுப்புத்தாய் மாற்றிக் கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உன் நினைவு வந்தது. உன் கமிஷன் கடைக்கு வருகிற பருத்தி சேட் ஒருவர் பழைய காசுகள் சேர்க்கிறார், அச்சுப் பிசகின காசு என்றால் உயிரை விடுவார் என்று நீ ஒரு தரம் வேடிக்கையாக எழுதியிருந்தாய். அதை நினைத்துக்கொண்டு அவள் மாரித்தாயிடம், ‘எங்க அண்ணனுக்கு அனுப்பிப் பாக்கேன், வெல வந்துச்சுன்னா அது ஒனக்குத்தான், என் வார்த்தை’ என்று சொன்னாள். உனக்கு எழுதிய கடிதத்திலும் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய பணம் என்று எழுதித்தான் இருந்தாள், நீ அதை மறந்திருக்க மாட்டாய்.

உன் பதில் வந்தபோது வீட்டில் எவ்வளவு சந்தோஷம். அச்சாபீஸில் மை காயாத தாள் மேல் அடுத்த தாள் விழுந்தால் படம் முகம் மாறி ஒட்டிக்கொள்ளுமே, அது போலத்தான் இதுவும் என்று எழுதியிருந்தாய். அடித்த காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டது, அடுத்து வந்த வெறும் உலோக வில்லை அதன் மேல் அடி வாங்கியது, அதனால் ஒட்டிக்கொண்ட காசின் சிங்கம் இதில் பள்ளமாகப் பதிந்துவிட்டது, சர்க்காரில் இப்படிப்பட்டதைப் பொறுக்கி எடுத்து உருக்கிவிடுவார்கள், கண் தப்பி வெளியே வருவது அபூர்வம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அப்பா அதை உரக்கப் படித்தார். சேட் நாற்பது ரூபாய் தந்தார் என்று எழுதி அதை அப்படியே மணியார்டரும் செய்திருந்தாய். மண்டிக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா, ‘எட்டணாவுக்கு நாப்பது ரூவா, எம் மவன் ஒரு காசு கமிஷன் எடுக்காம அனுப்பிட்டான் பாத்துக்கிடுங்க’ என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த நாற்பது ரூபாயை முழுசாக சுப்புத்தாய் மாரித்தாய் கையில் கொடுத்தாள். அவள் புடவை எடுக்கவில்லை, பாத்திரம் வாங்கவில்லை. புருஷனையும் மகள் பத்திரகாளியையும் கூட்டிக்கொண்டு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு டாக்டர் ஒச்சப்பன் கையைப் பார்த்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து விரல்களைப் பிரித்துவிடலாம், ஆனால் இரண்டு மாதம் இங்கேயே இருக்க வேண்டும், தினம் கட்டு மாற்ற வேண்டும், பிரித்த விரலை நீட்டி மடக்கிப் பழக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வைத்தியம் சர்க்கார் செலவு. ஆனால் கூட இருக்கிற பெண்சாதியும் பிள்ளையும் சாப்பிட வேண்டும், வேலைக்குப் போகாததால் சம்பளமும் இல்லை. முதலில் இடது கையைச் செய்தார்கள், இரண்டு விரல் பிரிந்தது. அந்த விரல் அசைந்ததைப் பார்த்து அவன் சத்தம் போட்டு அழுதானாம், பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்களாம். ஒரு மாதம் முடிவதற்குள் அந்த நாற்பது ரூபாய் தீர்ந்துவிட்டது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஏற்கனவே தன்னால் முதலாளி வீட்டம்மா ஸ்டேஷன் ஏறினார் என்கிற கூச்சம் அவளுக்கு. டாக்டர் திட்டத் திட்ட, எழுதிக் கொடுத்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டு மாற்ற வழியில்லாமல் பிரித்த விரலும் மறுபடி சுருங்கிவிட்டது. அவளும் மறுபடி லேபிள் எண்ண வந்துவிட்டாள். இதுவரைக்கும் இது விதி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் காரியாபட்டியிலிருந்து உன் சோலைச்சாமி மாமா வந்தான். கொத்தமல்லி விற்க பம்பாய் போய்விட்டுத் திரும்பியிருந்தான், உன்னைப் பார்த்ததைச் சொல்ல நேரே நம் வீட்டுக்கு வந்தான். நீ மெலிந்திருக்கிறாய் என்றான், ஆனால் புதுக் கைக்கடிகாரம், புதுச் சட்டை, ஆள் ஜம்மென்று இருக்கிறான் என்றான். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார், நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். ‘நம்ம மருமவன் லேசுப்பட்ட ஆளு இல்ல அத்தான்’ என்று ஆரம்பித்தான். ‘சேட்டு என்னைய வீட்டுக்குக் கூப்பிட்டு, கண்ணாடி போட்ட பெட்டியத் தொறந்து காமிச்சாரு. வெல்வெட்டுத் துணி மேல நடு மத்தியில ஒரு எட்டணாக் காசு. ரெண்டு பக்கமும் சிங்கம். பாதி பதிஞ்ச காசு, ஓரம் தள்ளி விழுந்த காசுன்னா அஞ்சு பத்துக்குக் கெடைக்குமாம். இது கொஞ்சமும் கோணாம, முழுசா, ரெண்டு பக்கமும் தெளிவா விழுந்திருக்காம். இந்தப் புது எட்டணாவுல இப்படி ஒண்ண அவரு பாத்ததே இல்லையாம். உங்க ஊர்ப் பையன் ஐநூறுல நின்னான், நாந்தான் மல்லுக்கட்டி நானூத்தம்பதுக்கு முடிச்சேன்னு சொல்லிச் சிரிக்காரு!’ என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, உன்னைப் பெருமையாகச் சொல்கிறோம் என்றுதான் நினைத்தான். எனக்குக் காப்பி டபரா கையிலேயே நின்றுவிட்டது. அப்பா, ‘எம்புட்டுன்னு சொன்ன?’ என்று கேட்டார். அவன் இன்னும் சத்தமாக, ‘நானூத்தி அம்பது அத்தான்’ என்றான். அப்பா தலையை ஆட்டினார். ‘நீ இருந்து சாப்பிட்டுப் போ’ என்று அவனிடம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். சோலைச்சாமி போகும் வரை வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் இழுப்பு ஆரம்பித்தது.

இருந்தாலும் அவர் உடனே உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒருவேளை சேட் பெருமைக்காகக் கூட்டிச் சொல்லியிருப்பான், நம் மகனையே கேட்போம் என்று சொல்லித்தான் உனக்குக் கார்டு போட்டார். நீ இல்லை என்று எழுதியிருந்தால்கூட நாங்கள் உன்னைத்தான் நம்பியிருப்போம். நீ அப்படி எழுதவில்லை. ‘எட்டணாக் காசுக்கு நாற்பது ரூபாய் கொடுத்திருக்கிறேன், அதற்கு அவள் சாமி கும்பிட வேண்டும். கடைக்காரன் வாங்க மாட்டேன் என்று எறிந்த காசு அது. அதன் விலை தெரிந்தவனைத் தேடிப் பிடித்தது நான், பேசினது நான், அந்த வேலைக்கு உண்டானதைத்தான் எடுத்துக்கொண்டேன், வியாபாரம் தெரிந்த அப்பா இதைக் கேட்கலாமா’ என்று எழுதியிருக்கிறாய். வியாபாரம் தெரிந்த அப்பா என்கிற அந்த வார்த்தைதான் அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது. ஏலே, உன் அப்பா வாழ்நாள் முழுக்கக் கமிஷன் வாங்கித்தான் உன்னைப் படிக்க வைத்தார். கரிசல்காட்டிலிருந்து வத்தல் மூட்டை கொண்டுவருகிறவனை முன்னால் உட்கார வைத்து, உன் சரக்கு இன்ன விலைக்குப் போயிருக்கிறது, இதில் என் கமிஷன் இவ்வளவு, இந்தா மிச்சம் என்று சொல்லித்தான் கொடுப்பார். நீயும் உன் பங்கை எடுத்திருக்கலாம், பாதியைக்கூட எடுத்திருக்கலாம், நானூற்றைம்பதுக்குப் போனது என்று ஒரு வரி எழுதிவிட்டு எடுத்திருந்தால் யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டோம். விலையை மறைத்து எடுக்கிறதற்கு மண்டியில் வேறு பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேரை என் மகனுக்கு எழுத என் கை வரவில்லை.

உன் பதிலை சுப்புத்தாயிடம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன், கர்ப்பமாக வேறு இருக்கிறாள், இது நாலாம் மாதம், உனக்கு அதையும் இன்னும் எழுதவில்லை. ஆனால் சோலைச்சாமி சிவகாசிக்குப் போனவன் அங்கேயும் உன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிவிட்டான். அவள் அழவில்லையாம். மறுநாளே பஸ் ஏறி எம். புதுப்பட்டிக்குப் போய்விட்டாள். போகாதே, கூலிக்காரி வீட்டில் போய் எதற்கு அவமானப்பட வேண்டும், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று மாப்பிள்ளை தடுத்திருக்கிறார். ‘எனக்குத் தெரிஞ்சுபோச்சே’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அங்கே ஒச்சப்பனும் இருந்தான். இவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மாரித்தாய் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டுதான் போனாளாம். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ‘ஏன் புள்ள அவசரப்படுற, இன்னும் ஒரு மாசம் இருந்தா ரெண்டு கையும் பிரிச்சிருவேன்னு அந்த டாக்டரு எம்புட்டோ சொன்னாகம்மா. நாந்தான் கேக்காம இழுத்துட்டு வந்தேன். இந்தா இவரு நெதமும் என்னைய வைவாரு, நீதான் எங் கையக் கெடுத்தேன்னு. நானும் ஆமா நாந்தான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்’ என்றாளாம். பிறகு ஒச்சப்பன் பேசினான். ‘செல்லாத காசு வச்சிருக்கான்னு எம் பொஞ்சாதிய டேசன்ல உக்கார வச்சாக. அதே காசு செல்லும்னு தெரிஞ்சவுடனே எங்களுக்குத் தெரியாம வித்துட்டாக. கள்ளக்காசு வச்சிருந்தது யாரும்மா, நீங்களே சொல்லுங்க’ என்றானாம். ஏட்டு முன்னால் நிமிர்ந்து நின்றவள் அந்தக் குடிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மீதிப் பணத்தை அப்பா மண்டியிலிருந்து எடுத்துக்கொடுத்தார். கணக்குப்பிள்ளை என்ன பேரில் எழுத என்று கேட்டதற்கு ‘எம் பேர்ல எழுது’ என்றார். சுப்புத்தாய் கொண்டுபோய்க் கொடுத்ததை மாரித்தாய் வாங்கிக்கொண்டாள். வாங்க மாட்டேன் என்று அவள் வீறாப்பாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குக்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, நாளையிலிருந்து வேலைக்கு வர மாட்டேன், வேறு இடம் பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அதே வாரம் அவனை மதுரைக்குக் கூட்டிப்போனாள். அந்த டாக்டர் இடது கையைப் பார்த்துவிட்டு, வைத்த தோல் இறுகி எலும்பு மூட்டும் கட்டிப்போய்விட்டது, இனி அந்தக் கைக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். வலது கையில் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் பிரிக்கப் பார்க்கலாம், அதுவும் நிச்சயம் சொல்ல முடியாது என்றாராம். இப்போது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள். அவனுக்கு வயது முப்பத்திரண்டு, உன்னைவிட நாலு வயதுதான் மூத்தவன்.

இது இதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளை இப்போது சொல்லுக்குச் சொல் உன்னை இழுக்கிறார். பால்காரன் கணக்கில் ஒரு அணா குறைந்தால்கூட ‘ஒங்க அண்ணன் பம்பாயில இருந்து வந்து எடுத்துட்டுப் போனாரா’ என்கிறாராம். சுப்புத்தாய் ஸ்டேஷன் ஏறி உண்மையைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் யாரும் அவளை எதிர்த்துப் பேச முடியாமல் இருந்தது, அவர் கோபித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் பயந்தார், அவர் பொய் சொன்ன இடத்தில் அல்லவா இவள் நிஜம் சொன்னாள். இப்போது அவருக்கு வாய் வந்துவிட்டது. உங்கள் வீட்டு யோக்கியதை எனக்குத் தெரியாதா என்கிறார். அவள் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர், ஒருத்தி சேர்த்து வைத்த பேரை இன்னொருவன் எடுத்துச் செலவழித்துவிட்டான், அதுவும் அவளுக்குத் தெரியாமல்.

உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். தீபாவளிக்கு வந்து சோலைச்சாமி மகளைப் பார்த்து முடிவு செய்துவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். சோலைச்சாமிக்கு விஷயம் முழுவதும் தெரிந்த பிறகும் அவன் மனம் மாறவில்லை, ‘வாலிபப் பையன், நாலு காசு பாக்கணும்னு நெனைக்கிறது தப்பா அக்கா, இதுக்கா வீட்ட இழவு வீடா வச்சிருக்கீக’ என்று என்னைத்தான் கடிந்துகொள்கிறான். அவனுக்குப் பிழைக்கத் தெரிந்த மருமகன் கிடைத்துவிட்டான். அந்தப் பெண் நல்ல பெண், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போதைக்கு நான் வெற்றிலைத் தட்டு தூக்கிக்கொண்டு காரியாபட்டிக்குப் போவதாக இல்லை. உன் போட்டோவை, அந்தக் கடிகாரம் தெரிகிற மாதிரி கையை மடக்கி எடுத்து அனுப்பினாயே, அதைப் பெண் வீட்டுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்தேன். பீரோவுக்குள்ளேயே கிடக்கிறது.

நீ தீபாவளிக்கு வருவதானால் வா, வராதே என்று எந்தத் தாயும் எழுத மாட்டாள். ஆனால் விருதுநகரில் இறங்காதே. ரயிலில் மதுரையில் இறங்கி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. தீப்புண் வார்டு என்று கேட்டால் சொல்வார்கள். ஒச்சப்பன் அங்கே இருப்பான், டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால் எம். புதுப்பட்டிக்குப் போ, பஸ் இருக்கிறது. பழம் ஹார்லிக்ஸ் என்று எதையாவது வாங்கிக்கொண்டு போய் நிற்காதே, வெறுங்கையோடு போ. நீதான் அந்தக் காசை விற்றவன் என்று சொல். எவ்வளவுக்கு விற்றேன், எவ்வளவு அனுப்பினேன், மிச்சத்தை என்ன செய்தேன் என்று உன் வாயால் அவனுக்குச் சொல். எங்களுக்கு எழுதிய பதிலில் இருந்த வார்த்தைகளையே அவனிடமும் சொல்லிப் பார், அவள் சாமி கும்பிட வேண்டும் என்று எழுதினாயே, அதையும் அவன் கையைப் பார்த்துக்கொண்டே உன்னால் சொல்ல முடிந்தால் நீ சொன்னதுதான் நியாயம், நாங்கள்தான் காலம் தெரியாதவர்கள், உன் அப்பாவிடம் நானே சொல்லி உன்னை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறேன். சொல்ல முடியாமல் போனாலும் வீட்டுக்கு வா. எப்படி வந்தாலும் உனக்குச் சோறு போடுவேன், ஆனால் அங்கே போகாமல் மட்டும் இங்கே வராதே.

பம்பாயில் இன்னும் மழை விடவில்லை என்று சோலைச்சாமி சொன்னான். நனைந்துகொண்டு அலையாதே, உனக்குச் சிறு வயதிலிருந்தே சளி பிடித்தால் லேசில் விடாது. ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடி, இதோடு ஒரு பொட்டலம் தனியாக அனுப்புகிறேன். மாரியம்மன் உனக்குத் தீர்க்காயுசைக் கொடுக்கட்டும், நிம்மதியாகத் தூங்குகிற மனசையும் கொடுக்கட்டும். முக்கியமாக ஒன்று, மாதாமாதம் அனுப்புகிற மணியார்டரை இனி அனுப்ப வேண்டாம். இந்த மாதம் வந்ததை அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். தபால்காரர், மகன் அனுப்பின பணம்தானே ஐயா என்று இரண்டு தரம் கேட்டார். அப்பா ‘யாருன்னு தெரியல, திருப்பி அனுப்பிருங்க’ என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
அ. பொன்னுத்தங்கம்